பாலகிருஷ்ணனின் இயற்பியல் விரிவுரைகள்: இருமுறை பார்த்தவனின் மதிப்பீடு

என்பிடெல் என்ற பாடக் காணொளித் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் பேராசிரியர் வி. பாலகிருஷ்ணனின் செவ்வியல் இயற்பியல், குவாண்டம் இயற்பியல் ஆகிய இரு விரிவுரைத் தொடர்களையும் நான் இரண்டு முறை முழுமையாகப் பார்த்திருக்கிறேன். முதன்முறை பார்த்தபோது தென்மாவட்டக் கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு மாணவன். இரண்டாம் முறை பார்த்தபோது எம்.எஸ்சி. முடித்திருந்தேன். முதன்முறை பார்த்ததில் பாதிக்குமேல் வீண் என்பதை இரண்டாம் முறை பார்த்தபோதுதான் உணர்ந்தேன். குறை தொடர்களுடையதன்று, நான் பார்த்த விதத்துடையது. இளங்கலையிலேயே கோட்பாட்டு இயற்பியலைப் பிடித்துக்கொள்ள விரும்பும் மாணவர்கள் பலர் இன்றும் என்னைப் போலவே இவற்றைப் பார்க்கிறார்கள் என்பதால், தொடர்களின் தகுதியோடு பார்க்கும் விதத்தையும் சேர்த்தே மதிப்பிடுகிறேன்.

எங்கள் ஊர்ப் பக்கம் பி.எஸ்சி. இயற்பியல் என்றால் ஒவ்வொரு தாளுக்கும் ஐந்து அலகுகள், பல்கலைக்கழகத் தேர்வுக்கு 75, அகமதிப்பீட்டுக்கு 25 என்ற கணக்கு. முதலாண்டில் அலைடு கணிதம், அடுத்த ஆண்டில் அலைடு வேதியியல். வாரத்தில் இரண்டு நண்பகல்களை ஆய்வகம் எடுத்துக்கொள்ளும். நியூட்டன் வளையங்களை நுண்ணோக்கியில் எண்ணுவதும், ஸ்பெக்ட்ரோமீட்டரின் வெர்னியர் அளவைக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு படிப்பதும், முந்தைய ஆண்டு அண்ணன்மார்களின் ரெக்கார்டைப் பார்த்துத் தம்முடையதை நிரப்புவதும் அங்கு நடைபெறும் காரியங்கள். ஆய்வகத்தை நான் இழிவாகக் கருதவில்லை. ஆனால் விசைகளுக்குப் பதில் ஆற்றல்களைக் கொண்டு இயக்கத்தை விவரிக்கும் லக்ராஞ்சியன் என்ற சொல்லே ஐந்தாம் பருவத்தில்தான் காதில் விழும் என்ற நிலையில், அதற்கு முன்பே அதைப் பற்றிக் கேட்டால், “தம்பி, முதலில் போன வார ரெக்கார்டில் கையெழுத்து வாங்கு” என்பதே எனக்குக் கிடைத்த பதில். பதில் சொன்னவர் நல்ல மனிதர். மூன்று பிரிவுகளுக்குத் தனியாளாக வகுப்பெடுத்துக்கொண்டிருந்தவர் வேறு எதைச் சொல்லியிருக்க முடியும்?

பாடத்திட்டத்துக்கும் துறைக்கும் இடையிலான இந்தத் தூரம் புதியதன்று. 1928-இல் ஜெர்மானிய இயற்பியலாளர் ஆர்னால்ட் சோமர்ஃபெல்ட் சென்னை வந்திருந்தபோது, மாநிலக் கல்லூரியில் இளங்கலை படித்துக்கொண்டிருந்த, பின்னாளில் நோபல் பரிசு பெற்ற வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகர் அவரை விடுதிக்கே சென்று சந்தித்தார். சோமர்ஃபெல்ட் எழுதிய அணு அமைப்பு நூலைக் கரைத்துக் குடித்திருந்த அந்த மாணவரிடம், நூல் வெளிவந்த பிறகு குவாண்டம் இயற்பியல் அடியோடு மாறிவிட்டது என்று நூலாசிரியரே சொன்னார். உலோகங்களில் எலக்ட்ரான்கள் பற்றி அப்போது தாம் எழுதியிருந்த, இன்னும் வெளிவராத கட்டுரையின் அச்சுப்படியையும் கொடுத்தார். மறு ஆண்டே சந்திரசேகரின் ஆய்வுக்கட்டுரை லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வந்தது. எல்லோரும் சந்திரசேகர் ஆக முடியாது, எல்லோர் ஊருக்கும் சோமர்ஃபெல்ட் வரப்போவதுமில்லை. ஆயினும் அந்த அச்சுப்படிக்கு நிகராக ஏதேனும் ஒன்று சிற்றூர் மாணவனின் கைக்கு வருமானால், அது இத்தகைய விரிவுரைகளாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

என்பிடெல் என்பது ஐ.ஐ.டி.க்களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் பாடக் காணொளித் திட்டம். பாலகிருஷ்ணன் சென்னை ஐ.ஐ.டி.யில் பல்லாண்டு பணியாற்றியவர். அதற்கு முன் கல்பாக்கத்தில் இருந்தவர். இந்த இரு தொடர்களும் தலா முப்பதுக்கு மேற்பட்ட விரிவுரைகள் கொண்டவை, ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு மணி நேரம். வரைகலையும் பின்னணி இசையும் கிடையா. ஒரு பலகை, எழுதிக்கொண்டே பேசும் ஓர் ஆசிரியர், சட்டகத்துக்கு வெளியே உட்கார்ந்திருக்கும் மாணவர்கள், அவ்வளவுதான். இன்றைய கல்விக் காணொளிகளின் மினுமினுப்புக்குப் பழகிய கண்ணுக்கு முதல் கால் மணி நேரம் வறட்சியாகவே தோன்றும். அதைக் கடந்துவிட்டால், வாக்கியத்தைத் தொடங்கும்போதே அது எங்கே முடியும் என்று தெரிந்து பேசும் ஒருவரைக் கேட்பதன் சுகம் பிடிபடும்.

தொடரின் தரத்தை விளக்க ஊசல் ஒன்றே போதும். பதினோராம் வகுப்பு ஆய்வகத்தில் நாம் எல்லோரும் நூலில் குண்டைக் கட்டி, சிறிய வீச்சில் ஆட்டி, இருபது அலைவுகளுக்கு நிறுத்துக் கடிகாரத்தை அழுத்தி, புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிட்டிருக்கிறோம். வீச்சு சிறியதாக இருக்க வேண்டும் என்று கையேட்டில் இருக்கும், ஏன் என்று இராது, பி.எஸ்சி.யில் அதே ஊசல் கூட்டு ஊசலாக மாறி மீண்டும் வரும்போதும் இராது. செவ்வியல் இயற்பியல் தொடரில் ஊசல் வேறோர் உருவில் வருகிறது. கிடைமட்ட அச்சில் கோணத்தையும் செங்குத்து அச்சில் கோண உந்தத்தையும் வைத்து, ஊசலின் ஒவ்வொரு நிலையையும் ஒரு புள்ளியாகக் குறித்தால், ஃபேஸ் ஸ்பேஸ் எனப்படும் கட்டவெளி கிடைக்கிறது. சிறிய ஆட்டங்கள் அங்கே நீள்வட்டங்களாகத் தெரியும். ஆட்டம் பெருகப் பெருக அவை கண்ணின் வடிவத்துக்கு நீளும். ஆற்றல் ஓர் எல்லையைத் தாண்டினால் கோடுகள் மூடிக்கொள்ளாமல் அலையலையாக ஓடிக்கொண்டே இருக்கும்; அதாவது ஊசல் ஆடுவதை விட்டுச் சுற்றத் தொடங்கிவிட்டது. இந்த இரு பகுதிகளுக்கும் நடுவில் ஒரே ஒரு வரம்புக்கோடு உண்டு. அதன்மேல் செல்லும் ஊசல் தலைகீழ் நிலையை நெருங்கிக்கொண்டே போகும், ஆனால் எந்த வரையறுத்த காலத்திலும் அதை எட்டாது.

இதைப் பார்த்த இரவு நான் கையால் ஒரு கணக்குப் போட்டேன். முதன்முறை பார்த்தபோது நான் செய்த மிகச் சில கணக்குகளுள் அது ஒன்று. வீச்சு 5 பாகையாக இருந்தால் அலைவுக் காலம் நாம் மனப்பாடம் செய்த சூத்திரத்திலிருந்து 0.05 விழுக்காடு மட்டுமே கூடுகிறது. நிறுத்துக் கடிகாரத்தை அழுத்தும் விரலின் பிழை அதைவிடப் பெரிது. 90 பாகையில் 18 விழுக்காடு கூடுகிறது. நூலுக்குப் பதில் எடையற்ற விறைப்பான கம்பியை வைத்து 179 பாகையில் விட்டால், சூத்திரம் 2 வினாடி என்று சொல்லும் ஒரு மீட்டர் ஊசல் ஏறத்தாழ 7.8 வினாடி எடுத்துக்கொள்கிறது. ‘சிறிய வீச்சு’ என்ற இரு சொற்களுக்குள் இவ்வளவும் ஒளிந்திருந்தது என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

குவாண்டம் தொடர் இதைவிடச் செங்குத்தான ஏற்றம். நம் பாடநூல்கள் கரும்பொருள் கதிர்வீச்சு, ஒளிமின் விளைவு, காம்ப்டன் விளைவு என்று வரலாற்று வரிசையில் நடத்திக்கொண்டு போய், ஷ்ரோடிங்கர் சமன்பாட்டை வானத்திலிருந்து விழுந்ததுபோல் இறக்கிவைப்பவை. இத்தொடரோ நேரியல் இயற்கணிதத்தின் வழியே செல்வது. வெக்டர் வெளி என்றால் என்ன, வெக்டரை இன்னொரு வெக்டராக மாற்றும் செயலி (ஆபரேட்டர்) என்றால் என்ன, செயலி ஒரு வெக்டரைத் திசை மாற்றாமல் பெருக்கும் எண்ணான ஐகன் மதிப்புக்கும் அளவீட்டுக்கும் என்ன உறவு என்பவற்றில் கால் ஊன்றிய பிறகே அணுவுக்கு வருகிறது. இதன் பயனுக்கு ஒரு சிறு சான்று சொல்கிறேன். இடத்துக்கான செயலியையும் உந்தத்துக்கான செயலியையும் ஒரு வரிசையில் பெருக்கி, பிறகு வரிசையை மாற்றிப் பெருக்கிக் கழித்தால், பிளாங்க் மாறிலியின் ஒரு மடங்கு மிஞ்சும் என்பது எல்லாப் பாடநூலிலும் உள்ளது. இந்தச் செயலிகளை நமக்குத் தெரிந்த, முடிவுள்ள எண்ணிக்கையில் வரிசைகள் கொண்ட அணிகளாக எழுத முடியுமா? முடியாது. எந்த இரு அணிகளை எந்த வரிசையில் பெருக்கினாலும், மூலைவிட்ட உறுப்புகளின் கூடுதல் மாறாது; ஆகவே இடப்பக்கம் கழித்து வரும் அணியின் மூலைவிட்டக் கூடுதல் பூச்சியம். வலப்பக்கத்தில் இருப்பது அலகு அணியின் மடங்கு. அதன் கூடுதல் பூச்சியமாக இருக்கவே முடியாது. இரண்டே வரிகளில், குவாண்டம் இயக்கவியல் முடிவிலாப் பரிமாணம் கொண்ட வெளியில் நடந்தாக வேண்டும் என்று தெளிவாகிவிடுகிறது. பிளஸ் டூ அணிக்கோவைப் பாடம் படித்த எவருக்கும் விளங்கும் தருக்கம் இது. எனக்கு மூன்றாண்டுப் படிப்பில் ஒருமுறைகூட வகுப்பறையில் கிடைக்காதது.

தமிழ்வழியில் படித்து வந்தவர்களுக்கு ஒரு சொல். விரிவுரைகள் ஆங்கிலத்தில் உள்ளவை. வேகமானவை அல்ல என்றாலும் நிற்பவையும் அல்ல. பன்னிரண்டாம் வகுப்புவரை உந்தம், திருப்புத்திறன், முடுக்கம் என்று படித்துவிட்டு வந்த எனக்கு, மொமெண்டம் என்பதும் மொமெண்ட் என்பதும் முதல் சில நாள்கள் ஒன்றாகவே காதில் விழுந்தன. ஒரு விரிவுரை முழுவதும் உந்தத்தைத் திருப்புத்திறன் என்று எண்ணிக் கேட்டுவிட்டு, எதுவும் பொருந்தவில்லையே என்று குழம்பியிருக்கிறேன். நோட்டின் கடைசிப் பக்கத்தில் இரு மொழிச் சொற்களையும் எதிரெதிரே எழுதிவைத்துக்கொண்டால் இரண்டு வாரத்தில் இத்தொல்லை தீர்ந்துவிடும்.

பெறும் வழியில் சிரமம் ஒன்றுமில்லை. யூடியூபிலும் பார்க்கலாம், தளத்திலிருந்து பதிவிறக்கிக்கொள்ளவும் செய்யலாம். 2016 செப்டம்பரில் ஜியோ வரும்வரை என் வழி பிரவுசிங் சென்டரும் பென் டிரைவும்தான். ஒரு சனிக்கிழமைக்கு நான்கு விரிவுரைகள் என்பது என் ஒதுக்கீடு. ஜியோ வந்த பிறகு ஒரே வாரத்தில் பதினோரு விரிவுரைகள் பார்த்தேன். எது நல்ல காலம் என்று இப்போது கேட்டால், பென் டிரைவ் காலத்தையே சொல்வேன்.

ஏனென்றால் இத்தொடர்களின் உண்மையான ஆபத்து அவற்றின் தெளிவில்தான் இருக்கிறது. சரளமாகச் சொல்லப்படும் ஒன்றைக் கேட்கும்போது, நமக்கும் அது சரளமாக வரும் என்ற மயக்கம் ஏற்படுகிறது. அந்த மயக்கம் எனக்கு எப்போது கலைந்தது என்பதை நாள் கிழமையோடு சொல்ல முடியும், ஆனால் இடத்தைச் சொல்லப்போவதில்லை. மூன்றாம் ஆண்டின் இறுதியில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தின் நேர்முகத் தேர்வுக்குச் சென்றிருந்தேன். மூன்று பேர் இருந்தார்கள். ஊசலின் கட்டவெளிப் படத்தை வரையச் சொன்னார்கள். எனக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்ததுபோல் இருந்தது. நீள்வட்டங்கள், கண் வடிவம், வரம்புக்கோடு எல்லாவற்றையும் வரைந்து முடித்தேன். உராய்வைச் சேர்த்தால் என்ன ஆகும் என்றார்கள். மூடிய வளைகோடுகள் மையத்தை நோக்கிச் சுருளும் என்று சொல்லி, சுருளையும் வரைந்தேன். உராய்வைக் கூட்டிக்கொண்டே போனால்? இன்னும் இறுக்கமாகச் சுருளும் என்றேன். அவர்களுள் மூத்தவர், தமிழர், கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே, “தம்பி, தேனுக்குள் மூழ்கிய ஊசலை நினைத்துப் பாருங்கள். அது சுருளுமா?” என்று கேட்டார்.

சுருளாது. தேனுக்குள் ஊசல் ஒருமுறைகூட மறுபக்கம் போகாமல், மெல்ல நழுவிக் கீழே வந்து நின்றுவிடும். படத்தில் கோடுகள் சுற்றாமல் நேரே மையத்துக்குள் புகும். சுருள் எந்த இடத்தில் அற்றுப்போகிறது என்பதை, இரண்டு வரிசை இரண்டு நிரல் கொண்ட ஓர் அணியின் ஐகன் மதிப்புகளைக் கண்டுபிடித்தால் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். சுண்ணக்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு என்னால் அதைச் செய்ய முடியவில்லை. விடுதி அறைக்குத் திரும்பி நோட்டைப் புரட்டினேன். அமைப்பு அசையாமல் நிற்கும் நிலைகளான நிலைப்புள்ளிகளின் வகைப்பாடு முழுவதும் அதில் இருந்தது. நான்கு வண்ணப் பேனாக்களில், என் கையெழுத்திலேயே, கட்டம் போட்டு.

அந்த ஆண்டு, ஐ.ஐ.டி. போன்ற நிறுவனங்களில் எம்.எஸ்சி. சேர்வதற்கான ஜாம் நுழைவுத் தேர்வில் சுமாரான இடம் கிடைத்து எம்.எஸ்சி. சேர்ந்தேன். இடையில் கட்டணப் பயிற்சிச் செயலி ஒன்றிலும் பணம் கட்டியிருந்தேன். அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒவ்வொரு பாடத்துக்கும் சூத்திரப் பட்டியல், ஒவ்வொரு பட்டியலுக்கும் ஒரு குறுக்குவழி, நடுவில் ஆசிரியர் மாற்றம், பணத்தைத் திரும்பக் கேட்டால் பதிலில்லாத மின்னஞ்சல். ஆனால் நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். மூன்று மணி நேரத்தில் 60 வினாக்கள், 100 மதிப்பெண் என்ற அத்தேர்வுக்கு பாலகிருஷ்ணனின் விரிவுரைகள் மட்டும் போதவே போதா. ஒளியியல், திண்மநிலை, டையோடு, டிரான்சிஸ்டர் என்று தேர்வு கேட்பவற்றில் கணிசமான பகுதியை இத்தொடர்கள் தொடுவதே இல்லை. தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது இவற்றைத் தொடங்குகிறவர், முகூர்த்த நேரத்தில் தறி வாங்கப் போகிறவரை ஒப்பார்.

இரண்டாம் முறை பார்த்தபோது ஒழுங்கை மாற்றிக்கொண்டேன். ஒரு விரிவுரைக்கு ஒரு வாரம். முதல் நாள் பேனா எடுக்காமல் கேட்பது. மறுநாள் வெள்ளைத் தாளில் நினைவிலிருந்து மட்டுமே வருவித்துப் பார்ப்பது. எங்கே சிக்கிக்கொள்கிறேனோ அந்த இடத்துக்கு மட்டும் காணொளியை நகர்த்துவது. மீதி நாள்கள் கணக்குகளுக்கு. கணக்குகளை கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் டேவிட் டாங் தம் இணையப் பக்கத்தில் இலவசமாக வைத்திருக்கும் பாடக்குறிப்புகளிலிருந்து எடுத்துக்கொண்டேன். அங்கே கோட்பாட்டு இயற்பியல் கணிதத் துறையின் பாடமாகவே பெரிதும் நடக்கிறது. முதலாண்டு மாணவருக்கான இயக்கவியலும் சார்பியலும் பற்றிய அவருடைய குறிப்புகளோடு நான்கு கணக்குத் தாள்கள் இணைக்கப்பட்டிருக்கின்றன. முதல் தாளைக் கண்டு, எம்.எஸ்சி. முடித்த எனக்கு வியர்த்தது. பாலகிருஷ்ணன் ஏன் என்பதைச் சொல்லுவார், அந்தத் தாள்கள் எங்கே, முடியுமா பார்க்கலாம் என்று கேட்கும். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விடுவது அரை மருந்து.

சில நடைமுறைக் குறிப்புகள். செவ்வியல் தொடரையே முதலில் தொடங்க வேண்டும். குவாண்டம் என்ற பெயரின் கவர்ச்சியில் நேரே அங்கே போனவர்களில், எனக்குத் தெரிந்த எவரும் ஆறாம் விரிவுரையைத் தாண்டியதில்லை. அலைடு கணிதத்தில் அணிகளையும் வகைக்கெழுச் சமன்பாடுகளையும் மதிப்பெண்ணுக்காக மட்டும் படித்திருந்தால், முதலில் அவற்றை மீண்டும் ஒரு மாதம் படிக்கவும். குவாண்டம் தொடர் கடினமாக இருந்தால், அதே சென்னை ஐ.ஐ.டி.யின் பேராசிரியர் எஸ். லட்சுமி பாலா நடத்தியிருக்கும் குவாண்டம் இயக்கவியல் தொடரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். அணுகுமுறை நெருக்கமானது, நடை இன்னும் பொறுமையானது. இரண்டு பேராகப் பார்ப்பது நல்லது, ஆனால் இருவரும் ஒரே நேரத்தில் தலையாட்டுகிறவர்களாக இருந்தால் பயனில்லை. என்னுடன் இரண்டாம் முறை பார்த்த நண்பன் ஒவ்வொரு பத்து நிமிடத்துக்கும் காணொளியை நிறுத்தி, “இப்போது நீ சொல்லு” என்பான். எரிச்சலாகத்தான் இருக்கும். செவ்வியல் தொடரை முடிக்க எங்களுக்கு ஒன்பது மாதம் ஆயிற்று. குவாண்டம் தொடரில் கோண உந்தப் பகுதியில் மட்டும் ஐந்து வாரம் நின்றோம், அதில் ஒரு கணக்கு இன்னும் மிச்சம் இருக்கிறது.